ஷெரிப்பிடம் போனால் துவக்கு அனுமதி கிடைக்குமா? தெரியுமா?

அமெரிக்கப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அகன்ற தொப்பி, நெஞ்சில் நட்சத்திரம், இடுப்பில் துவக்கு, ஊருக்கே பெரியவர் போல ஒரு ஷெரிப். அந்த நாட்டின் பல மாநிலங்களில், கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வீதியில் நடக்க அனுமதி கொடுப்பவரும் அவர்தான். நம்முடைய றிச்மண்ட் ஹில்லுக்கும் ஒரு ஷெரிப் இருக்கிறார், தெரியுமா? ஆனால் அவரிடம் போய்த் துவக்கு அனுமதி கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார். அவருடைய வேலை வாடகை கட்டாதவர்களை வீட்டை விட்டு எழுப்புவது!

ஒன்ராறியோவில் ஷெரிப் என்பவர் நீதிமன்றத்தின் அமலாக்க அதிகாரி. யோர்க் பிராந்தியத்தின் நீதிமன்றம் நியூமார்க்கட்டில் இருக்கிறது. அதன் அமலாக்க அலுவலகத்துக்குள்தான் றிச்மண்ட் ஹில்லும் வருகிறது. வீட்டுரிமையாளர் வாடகையாளர் சபை வெளியேற்ற உத்தரவு போட்டுவிட்டாலும், பேஸ்மன்ட்டை வாடகைக்கு விட்டவர் தானே போய்ப் பூட்டை மாற்ற முடியாது, அது சட்டவிரோதம். ஷெரிப் அலுவலகத்துக்குக் காசு கட்டி, அவர்கள் தரும் திகதிவரை காத்திருக்க வேண்டும். அந்த நாளில் அதிகாரி வருவார், வீட்டுக்காரர் பூட்டுத் திருத்துபவரோடு நிற்பார், பூட்டு மாறும். அதன் பிறகும் உள்ளே கிடக்கும் சாமான்களை எடுத்துப்போக, வெளியேற்றப்பட்டவருக்கு 72 மணித்தியாலம் வழிவிட வேண்டும். இதெல்லாம் நமது ஆட்களுக்குப் புதிதல்ல. ஊரில் இதே வேலையைச் செய்தவர் பிஸ்கால். ஒல்லாந்தர் காலத்துப் பதவி; இலங்கை நீதிமன்றங்களில் இன்றைக்கும் இருக்கிறது.

இன்னொன்று கேளுங்கள். இந்தி நடிகர் திலீப் குமாரும் ஒரு காலத்தில் ஷெரிப்பாக இருந்தவர்! 1980இல் பம்பாயின் ஷெரிப் அவர்தான். வெள்ளைக்காரன் விட்டுப்போன அலங்காரப் பதவி அது. மதராஸிலும் அப்படியொரு ஷெரிப் இருந்தார். 1990களின் இறுதியில் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். ஒரே பெயர், ஒரு நாட்டில் துவக்கு அனுமதி, இன்னொரு நாட்டில் பூட்டு மாற்றம், மூன்றாவது நாட்டில் மாலை மரியாதை!

இனி எல்லைக்கு அப்பால் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். பென்சில்வேனியா மாநிலத்தில் 21 வயதுக்கு மேற்பட்டவர் தன் கவுன்டி ஷெரிப்பிடம் விண்ணப்பம் கொடுக்கிறார். கட்டணம் 20 டொலர். 45 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். கிடைத்தால் 5 ஆண்டுக்குச் செல்லும். இதுவே பெரிய கெடுபிடி என்கிறீர்களா? 2024ஆம் ஆண்டுக் கணக்கில் 29 மாநிலங்களில் மறைத்துக் காவ அனுமதியே தேவையில்லை! வெர்மொன்ட் மாநிலத்தில் அப்படியொரு அனுமதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மொன்றியலில் இருந்து தெற்கே ஓடினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெர்மொன்ட் வந்துவிடும்.

2022ஆம் ஆண்டைக் கவனியுங்கள். ஜூன் 23ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயோர்க் மாநிலத்தின் நூறு ஆண்டுக்கு மேல் பழைய கட்டுப்பாட்டைத் தூக்கி எறிந்தது. வெளியில் துவக்குக் காவ விசேட காரணம் காட்டத் தேவையில்லை என்றது. நான்கே மாதம் கழித்து, ஒக்டோபர் 21ஆம் திகதி, கனடா என்ன செய்தது தெரியுமா? கைத்துப்பாக்கி வாங்குவது, விற்பது, கைமாற்றுவது எல்லாவற்றையும் நாடு முழுவதும் நிறுத்தியது! நயாகரா ஆற்றின் இக்கரையிலும் அக்கரையிலும், ஒரே ஆண்டில், இரண்டு நாடுகளும் முதுகைக் காட்டிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் நடந்தன. கனடாவில் துவக்கு வைத்திருப்பது அரசியலமைப்பு உரிமை அல்ல என்பதை இங்குள்ள உச்ச நீதிமன்றம் 1993இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. இங்கே அது ஒரு சலுகை. தந்தவர் திருப்பியும் எடுக்கலாம்.

அப்படியானால் றிச்மண்ட் ஹில்லில் வசிக்கும் ஒருவர் சட்டப்படி இடுப்பில் துவக்கோடு போக வழியே இல்லையா? இருக்கிறது! துவக்குகள் சட்டத்தின் 20ஆம் பிரிவில், காவும் அனுமதி என்று ஒன்று உண்டு. இரண்டு காரணத்துக்குத்தான் கிடைக்கும். ஒன்று தொழில், மற்றது உயிர்ப்பாதுகாப்பு.

தொழில் என்றால் என்ன? வங்கி வாசலில் கவச வாகனத்தை நிறுத்திவிட்டுப் பணப்பையோடு இறங்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களின் இடுப்பில் இருப்பது இந்த அனுமதியின் கீழ். அடுத்தது, வடக்கே ஆளரவமற்ற காட்டில் வேலை செய்யும் மண்ணியலாளர் போன்றவர்கள்; கரடி வந்தால் தற்காப்புக்கு. பிறகு, உரிமம் பெற்றுப் பொறி வைத்து மிருகம் பிடிப்பவர்கள். முடிந்தது பட்டியல். இருபது பவுண் தாலிக்கொடியோடு மார்க்கத்தில் கல்யாண மண்டபத்துக்குப் போகிறோமே, அது விலைமதிப்புள்ள பொருள் இல்லையா என்று ஒரு அக்கா கேட்கக்கூடும். பொருள் சரி அக்கா, ஆனால் நகை போட்டுக்கொண்டு போவது உங்கள் தொழில் அல்லவே!

உயிர்ப்பாதுகாப்பு என்ற இரண்டாவது கதவு இன்னும் ஒடுக்கம். ஒழுங்குவிதி மூன்று நிபந்தனை போடுகிறது. இன்னொரு மனிதரால் உங்கள் உயிருக்கு உடனடி ஆபத்து இருக்க வேண்டும். பொலிஸ் தரும் பாதுகாப்பு அந்த நிலைமைக்குப் போதாமல் இருக்க வேண்டும். மரணத்தில் இருந்தோ பெருங்காயத்தில் இருந்தோ தப்ப, துவக்கு வைத்திருப்பது நியாயம்தான் என்று காட்ட முடிய வேண்டும். மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் இல்லை. இரண்டாவதை யோசித்துப் பாருங்கள். பொலிஸால் இவரைக் காப்பாற்ற முடியாது என்பதை அரசாங்க அதிகாரி ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொள்வதற்குச் சமம் அது. எந்த அதிகாரி இலகுவில் ஒப்புவார்? போதாக்குறைக்கு, 2023 டிசம்பரில் நிறைவேறிய சி-21 சட்டம் இந்த வகை அனுமதியைத் தீர்மானிக்கும் பொறுப்பை மாகாண அதிகாரியிடமிருந்து எடுத்து, ஆர்.சி.எம்.பி.யில் இருக்கும் துவக்குகள் ஆணையாளரிடம் கொடுத்துவிட்டது. நாட்டில் இந்த அனுமதி வைத்திருப்பவர்கள் அபூர்வத்திலும் அபூர்வம்.

அனுமதி இல்லாமல் மறைத்துக் காவினால்? குற்றவியல் கோவையின் 90ஆம் பிரிவு, ஐந்து ஆண்டுவரை சிறை. இது துவக்குக்கு மட்டும் என்று நினைத்தீர்களா? எந்த ஆயுதத்துக்கும்தான்! இன்னும் இருக்கிறது. ஆட்களின் முகத்தில் அடிப்பதற்கென்றே செய்த மிளகு ஸ்பிரே கனடாவில் தடைசெய்யப்பட்ட ஆயுதம், தெரியுமா? சென்னையில் கைப்பையில் போட்டுக்கொண்டு திரியும் அந்தச் சின்னக் குப்பியை அப்படியே பியர்சன் விமான நிலையத்தில் கொண்டு இறங்கினால் சுங்கத்தில் சிக்கல். கரடிக்கு அடிக்கும் ஸ்பிரே கடையில் வாங்கலாம், ஆனால் கரடிக்குத்தான். புரூஸ் லீ சுழற்றுவாரே, சங்கிலியில் கோத்த இரண்டு தடி, அந்த நஞ்சாக்குவும் தடை! அசல் துவக்குப் போலவே செய்த போலித் துவக்கும் தடைப்பட்ட சாதனம்தான். பேரப்பிள்ளைக்கு இணையத்தில் விளையாட்டுத் துவக்கு வாங்கும் தாத்தாமார் கொஞ்சம் கவனம்.

எப்போதும் இப்படி இறுக்கமாக இருந்ததா இந்த நாடு? அதுதான் இல்லை. 1892இல் கனடாவின் முதல் குற்றவியல் கோவை வந்தபோது, தாக்கப்படுவோம் என்று பயப்படக் காரணம் உள்ளவர் அனுமதி இல்லாமலே பிஸ்டல் காவலாம். மற்றவர்களுக்கு ஒரு விலக்குச் சான்றிதழ். 1913இல் வீட்டுக்கும் கடைக்கும் வெளியே அனுமதியின்றிக் கைத்துப்பாக்கி காவினால் மூன்று மாதச் சிறை என்று வந்தது. 1934இல் எல்லாக் கைத்துப்பாக்கிகளையும் பதிவு செய்யச் சொன்னார்கள். கைத்துப்பாக்கிப் பதிவு அண்மைக்கால அரசியல் சண்டை என்று நினைப்பவர்களுக்கு, அது இரண்டாம் உலகப் போருக்கும் முந்தியது!

ரொறன்ரோ யூனியன் ஸ்டேஷன் உங்களுக்குத் தெரியும். றிச்மண்ட் ஹில் கோ ரெயில் போய் நிற்கும் இடம். அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு கைத்துப்பாக்கிக் கழகம் இருந்தது, தெரியுமா? ரெயில்வே ஊழியர்களுக்கென்று தொடங்கிய கழகம். கீழே ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு ஓட, மேலே சுவருக்குள் இலக்குப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நமது ஸ்காபரோவிலும் நகரசபைச் சமூக மண்டபம் ஒன்றுக்குள் சூட்டுக் கழகம் நடந்தது. 2008இல், டேவிட் மில்லர் மேயராக இருந்த காலத்தில், நகரசபைக் கட்டடங்களில் இனி இது வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகுதான் இரண்டும் மூடப்பட்டன.

இதுவரை சொன்னதெல்லாம் காவுவதைப் பற்றி. வீட்டில் வைத்திருப்பது வேறு கதை. கனடாவில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் துவக்கு உரிமம் இருக்கிறது. வேட்டைக்குப் போகிறவர்கள், இலக்குச் சூட்டுக்காரர், தோட்டக்காரர். பல கனடியன் டயர் கடைகளில் குளிர்கால டயரும் நெருப்புக் குச்சியும் விற்கும் அதே கூரையின் கீழ், கண்ணாடிப் பெட்டியில் றைபிளும் இருக்கிறது. உரிமத்தைக் காட்டினால் வாங்கலாம். உரிமம் இல்லாவிட்டால் ஒரு பெட்டித் தோட்டாகூடத் தரமாட்டார்கள்.

1979 முதல் துவக்கு வாங்க உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கொள்வனவுச் சான்றிதழ் என்று ஒன்று தந்தார்கள். மொன்றியலில் 1989 டிசம்பர் 6ஆம் திகதி பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு நாட்டின் மனநிலையே மாறியது. 1995இல் துவக்குகள் சட்டம் நிறைவேறி, 1998 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இன்று றிச்மண்ட் ஹில்லில் மேஜர் மெக்கன்சியில் இருக்கும் பொலிஸ் நிலையத்தில் போய்க் கேட்டால் கையை விரிப்பார்கள். விண்ணப்பம் எங்கே போகிறது தெரியுமா? அத்திலாந்திக் கரையில், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், மிராமிஷி என்ற சிறிய நகரத்துக்கு! முழுக் கனடாவின் துவக்கு விண்ணப்பங்களும் அங்கேதான் குவிகின்றன. பின்னணியை ஆராய்வது ஒன்ராறியோவின் தலைமைத் துவக்கு அதிகாரியின் அலுவலகம்.

ஆனால் விண்ணப்பத்துக்கு முன் ஒரு வகுப்பு. இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம்: வாழ்க்கையில் ஒரு வெடிகூட வைக்காமல் கனடாவில் துவக்கு உரிமம் எடுத்துவிடலாம்! பாதுகாப்பு வகுப்பில் வெடி வைப்பது கிடையாது. நீளமேசையில் செயலிழக்கச் செய்த துவக்குகளை வரிசையாக வைத்திருப்பார்கள். பூட்டை இழுத்து ஏற்றுவது, கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளுவது, நடுவில் மடிப்பது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். தோட்டாக்களும் பொம்மைத் தோட்டாக்கள். முதல் பாடம், கையில் எடுக்கும் எந்தத் துவக்கும் ஏற்றியிருக்கிறது என்றே நினை. அடுத்தது, குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் எந்நேரமும் கவனம். விரல் விசைக்கு வெளியே, நேராக. பிறகு திறந்து, உள்ளே வெறுமையா என்று கண்ணால் பார்த்து உறுதி செய். எழுத்துப் பரீட்சையில் 50 கேள்வி, செய்முறைப் பரீட்சை தனி. இரண்டிலும் 80 வீதம் எடுக்க வேண்டும். செய்முறையில் பலர் விழுவது அறிவுக் குறைவால் அல்ல. பரீட்சகரின் கேள்விக்குப் பதில் சொல்லத் திரும்பும்போது உடம்போடு சேர்ந்து குழலும் திரும்பிவிடும். அங்கேயே புள்ளி பறக்கும்!

வகுப்பில் சித்தியடைந்தாயிற்று. இனி விண்ணப்பப் படிவம். துவக்கைப் பற்றி எதுவோ கேட்பார்கள் என்று எதிர்பார்த்துத் திறந்தால், கேள்வியெல்லாம் உங்களைப் பற்றி. வழக்கு உண்டா, தண்டனை உண்டா என்பது சரி. மனச்சோர்வுக்கு மருத்துவம் பார்த்தீர்களா? உயிரை மாய்க்க நினைத்தீர்களா? குடியோ போதையோ பிரச்சினையானதா? வீட்டிலோ வேலையிலோ சண்டை என்று யாராவது பொலிஸுக்குச் சொன்னார்களா? கடந்த இரண்டு ஆண்டில் விவாகரத்து, பிரிவு, வேலை இழப்பு, வங்குரோத்து ஏதும் நடந்ததா? ஆம் என்று எழுதினால் உடனே நிராகரிப்பு என்று அர்த்தமில்லை. விளக்கம் கேட்பார்கள், ஆளோடு பேசுவார்கள். பொய் எழுதினால்தான் ஆபத்து, அது தனிக் குற்றம். முன்பெல்லாம் ஐந்து ஆண்டுதான் திரும்பிப் பார்ப்பார்கள். 2021 ஜூலையில் இருந்து முழு வாழ்நாளையும் கிளறுகிறார்கள்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். படிவத்தில் உங்கள் மனைவியோ கணவரோ கையெழுத்துப் போட ஒரு இடம் இருக்கிறது! கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவருக்கும் அதே இடம். அதோடு விட்டார்களா? கடந்த இரண்டு ஆண்டுக்குள் பிரிந்து போனவர் இருந்தால் அவருக்கும்! அவர்கள் கையெழுத்துப் போட மறுக்கலாம். மறுத்தால் உரிமம் தானாக நின்றுவிடாது, ஆனால் இவர் துவக்கு எடுக்கப் போகிறார் என்ற செய்தி அதிகாரியிடமிருந்து அவர்களுக்குப் போகும். அவர்கள் வாயைத் திறந்தால் கேட்க ஆள் இருக்கிறது. வீட்டுக்குள் நாலு சுவருக்குள் நடப்பதை வெளியில் சொல்லக்கூடாது என்று வளர்ந்த சமூகம் நம்முடையது. அப்படிப்பட்ட நமக்கு இந்த ஒரு பெட்டி போதும், பேனாவை நிறுத்த. என் கணக்கில் முழுச் சட்டத்திலும் மிகப் பெறுமதியான இடம் அந்தக் கையெழுத்துப் பெட்டிதான். துவக்கு வீட்டுக்கு வந்தால் அதற்கு முன்னால் முதலில் நிற்கப் போகிறவரிடம்தானே முதலில் கேட்க வேண்டும்?

இரண்டு பேர் உத்தரவாதம் சொல்ல வேண்டும். 18 வயது கடந்தவர்கள், உங்களை மூன்று ஆண்டாவது அறிந்தவர்கள். படத்துக்கும் ஒருவர் சாட்சி. முதல்முறை விண்ணப்பிப்பவருக்கு எவ்வளவு அவசரம் என்றாலும் 28 நாள் கட்டாயக் காத்திருப்பு. கோபத்தில் வாங்க வந்தவருக்குக் கோபம் ஆற ஒரு மாதம்! உரிமம் கையில் வந்தபின் நிம்மதியா? இல்லை. உரிமம் வைத்திருக்கும் ஒவ்வொருவர் பெயரும் பொலிஸ் தரவுத்தளத்தோடு ஒவ்வொரு நாளும் தானாக ஒப்பிடப்படுகிறது. நேற்று இரவு எங்கேயாவது கைகலப்பில் பெயர் பதிவானால், அது மாகாணத் துவக்கு அதிகாரியின் மேசைக்குப் போய்விடும். ஸ்காபரோவில் இருந்து றிச்மண்ட் ஹில்லுக்கு வீடு மாறினால் 30 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்தால், நேற்றுவரை சட்டப்படி இருந்த துவக்கு இன்று சிக்கல்.

ஊர் நிலைமை எப்படி என்று பார்ப்போமா? இலங்கையில் இன்னும் 1916ஆம் ஆண்டின் துவக்குகள் கட்டளைச் சட்டம்தான் அடித்தளம். உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். குரங்குக்கும் பன்றிக்கும் பயிரைக் காக்க ஷொட்கன் கேட்டுக் கச்சேரிக்கு நடந்த தோட்டக்காரர்கள் நம் பெரியவர்களில் எத்தனை பேர்! 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென்று கொடுத்திருந்த துவக்குகளை எல்லாம் மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் மாவட்டம் என்றால் கலெக்டர், சென்னை என்றால் பொலிஸ் கமிஷனர். ஒருவர் மூன்று துவக்கு வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019இல் இரண்டாகக் குறைத்தார்கள். தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ளவர்களும் துவக்கைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிவரும். நீலகிரியில் இருந்து கொஞ்சத் தூரத்தில் குடகு நாட்டில் மட்டும் கதை தலைகீழ். கொடவர்களுக்கு வெள்ளைக்காரன் காலம் தொட்டே உரிமம் எடுப்பதில் இருந்து விலக்கு! துவக்குக்குப் பூ வைத்துப் பூசை செய்யும் திருநாள்கூட அவர்களுக்கு உண்டு. 2019இல் அந்த விலக்கை 2029வரை நீட்டித்தது இந்திய அரசு.

இவ்வளவும் இருக்க, நம் பகுதியில் ஏன் துவக்குப் பேச்சு மீண்டும் மீண்டும் எழுகிறது? வாகனத் திருட்டும், திறப்புக் கேட்டு வீட்டுக்குள் புகுவதும்தான். 2024இல் ரொறன்ரோ பொலிஸ்காரர் ஒருவர், திருடர் வீட்டுக்குள் ஏறாமல் இருக்க வாகனத் திறப்பை முன்வாசலில் வைத்துவிடுங்கள் என்று கூட்டமொன்றில் சொல்லிப் பெரிய பகிடியாகிப் போனது. 2025 ஓகஸ்ட் கடைசியில் பக்கத்து வோனில் வீடு புகுந்தவர்கள் ஒரு தகப்பனைச் சுட்டுக் கொன்றார்கள். அது பகிடி அல்ல. அப்போதும் யோர்க் பொலிஸ் தலைமை அதிகாரி ஜிம் மக்ஸ்வீன் சொன்னது, வீட்டுக்காரர் தாமே மோத இறங்க வேண்டாம், ஒளியுங்கள், தப்புங்கள், 911ஐ அழையுங்கள் என்பதே. பலருக்கு அது கசந்தது. எனக்கும் முழுதாக இனிக்கவில்லை, ஆனால் சேமிப்பு விதியைப் படித்தபின் வேறு எதைச் சொல்ல முடியும் என்று தோன்றியது. வீட்டில் இருக்கும் துவக்கில் தோட்டா இருக்கக்கூடாது. விசைக்குப் பூட்டுப் போட வேண்டும், அல்லது பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும்; கைத்துப்பாக்கி என்றால் இரண்டும், இல்லாவிட்டால் இதற்கென்றே செய்த பெட்டகம். தோட்டா எட்டும் தூரத்தில் கிடக்கக்கூடாது. இரவு இரண்டு மணிக்குக் கதவு உடையும் சத்தத்தில் எழுந்து, திறப்பைத் தேடி, பெட்டியைத் திறந்து, பூட்டைக் கழற்றி, அடுத்த அலுமாரியில் தோட்டாவைத் தேடி...!

தற்காப்பே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. குற்றவியல் கோவையின் 34ஆம் பிரிவு, நிலைமைக்கு நியாயமான அளவு பலத்தைப் பாவிக்கலாம் என்கிறது. அளவு எது என்பதில்தான் வழக்கு. 2023 பெப்ரவரியில் மில்ட்டனில் ஓர் இளைஞர், வீட்டுக்குள் புகுந்த ஒருவரைச் சட்டப்படி வைத்திருந்த துவக்கால் சுட்டார், அவர் இறந்தார். இளைஞர்மீது கொலைக் குற்றச்சாட்டுப் பதிவானது. சில மாதங்களில் அரச தரப்பே அதை விலக்கிக்கொண்டது. தப்பினார், உண்மை. இடையில் அந்தக் குடும்பம் கடந்த மாதங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

இன்னும் சில துணுக்குகளை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். வாக்களிக்கவும் பியர் வாங்கவும் வயது வராத 12 வயதுப் பிள்ளைக்கும் கனடாவில் துவக்கு உரிமம் கிடைக்கும்! வேட்டைக்கும் இலக்குச் சூட்டுக்கும் இரவல் வாங்கிப் பாவிக்கும் சிறுவர் உரிமம் அது. சொந்தமாக வாங்க முடியாது. நீளத் துவக்குகளைப் பதிய அரசாங்கம் தொடங்கிய திட்டத்துக்கு, கட்டணமாக வரும் பணத்தைக் கழித்தால் 2 மில்லியன் டொலர்தான் செலவு என்றார்கள். 2002இல் கணக்காய்வாளர் நாயகம் ஷீலா பிரேசர் கணக்கை விரித்தார். செலவு ஒரு பில்லியனைத் தாண்டும் என்று தெரிந்தது! 2012இல் திட்டத்தையே மூடினார்கள். ஒலிம்பிக்கில் சுடும் வீரர்களுக்கு 2022 தடையில் இருந்து விலக்கு உண்டு. அமெரிக்க ஷெரிப் தந்த அனுமதி அட்டை பீஸ் பிரிட்ஜின் நடுவோடு முடிந்துவிடும்; டாஷ்போர்டுப் பெட்டிக்குள் பிஸ்டலை மறந்துவிட்டு நயாகரா பார்க்க வந்து எல்லையில் மாட்டும் உல்லாசப் பயணிகள் ஆண்டுதோறும் உண்டு.

அப்பப்பா காலத்துப் பிஸ்டல் ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது என்பவர்களுக்கும் ஒரு செய்தி. 1898க்கு முன் செய்தது, ஒழுங்குவிதி சொல்லும் வகைக்குள் அடங்குகிறது என்றால் அது தொல்பொருள். உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். மேசையில் அழகுக்கு வைக்கலாம். ஆனால் அதையே சட்டைக்குள் செருகிக்கொண்டு யங் ஸ்ட்ரீட்டில் நடந்தால், அதே 90ஆம் பிரிவு, அதே ஐந்து ஆண்டு.